பேப்பர் மேட்டில் வெறுங்கால்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள் நான். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன். எந்த வருஷம் என்று கேட்டால் மழை பெய்த வருஷம், பெய்யாத வருஷம் என்றுதான் சொல்லத் தெரியும். போன வாரம் பத்திரிகையில் வந்ததிலேயே இரண்டு இடத்தில் ஆள் பேர் மாறிப்போயிற்று என்று என் மகள் சொன்னாள். பொறுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு என் கும்பிடு.

இந்த வாரம் எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம். அரியலூரில் நான் வேலை பார்த்த பழைய பேப்பர் குடோன். டீ வந்துவிட்டது. பேப்பர் மேட்டிலிருந்து இறங்கி, தொட்டி ஓரமாக நாங்கள் ஒவ்வொருத்தியாகக் கால் கழுவிக்கொண்டிருந்தோம். மை, சிமெண்டுத் தூசி, பசை எல்லாம் சேர்ந்து கால் கறுத்துப்போயிருக்கும். கழுவாமல் டீ கிளாஸைத் தொட மனசு வராது.

எனக்கு முன்னால் ஆரோக்கியம் நின்றாள். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, குதிகால் மட்டும் படும்படி காலைக் கல்லின்மேல் வைத்தாள். அவள் உள்ளங்காலில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். பெரிய அட்டைப்பெட்டிகளில் அடிக்கிற செம்பு நிறப் பின். அகலமானது. ஒரு முனை முழுக்க உள்ளே போயிருந்தது. ஊற்றின தண்ணீரோடு நூல் மாதிரி ரத்தம் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அடியே ஆரோக்கியம், கால்ல என்னடி?"

"என்னது?" என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை.

"வலிக்கலையா?"

"வலிக்கலையே. எப்பக்கா ஏறுச்சு?" என்று என்னையே கேட்டாள்.

எங்களில் வாய்த்துடுக்கு பூங்கோதைக்குத்தான். அவள் பின்னாலிருந்து, "நல்ல காலுடி உனக்கு! என் வூட்டுக்காரனுக்கு முதுகு இப்படி இருந்தாத் தேவல. நான் போடற அடி தெரியாமத் தூங்குவான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியமும் சிரித்தாள். நான் பின்னைப் பிடுங்கினேன். அதுகூடத் தெரியாதவள் போல அவள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தது. கால் மரத்துப்போன பிறகு என்னென்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஏன் செருப்பு போடவில்லை

இதைப் படிக்கிறவர்கள், பின்னும் ஆணியும் கிடக்கிற இடத்தில் செருப்பு போட்டுக்கொண்டு ஏறினால் என்ன என்று கேட்பீர்கள். பாயும் அதைத்தான் கேட்டார். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பாய் என்பது எங்கள் முதலாளி. அவர் பேரைச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை. அவர் வாப்பா காலத்தில் தள்ளுவண்டியில் தொடங்கிய வியாபாரம். அரியலூர், பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் வண்டிக்காரர்கள் வீடு வீடாக வாங்குகிற பழைய பேப்பர் முழுக்க அவர் குடோனுக்குத்தான் வரும். வந்ததைக் கூரை உயரத்துக்குக் கொட்டி வைப்பார்கள். அதற்குத்தான் பேப்பர் மேடு என்று பெயர்.

எங்கள் வேலை அந்த மேட்டின்மேல் உட்கார்ந்து தரம் பிரிப்பது. எழுதின வெள்ளைத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், கலர் புத்தகம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். பிளாஸ்டிக் ஒட்டினது, மெழுகு பூசினது எல்லாம் கழிவு. பிரித்ததை மிஷினில் போட்டு அழுத்தி, கம்பி கட்டி, கட்டுக்கட்டாக லாரியில் மில்லுக்கு அனுப்புவார்கள். அங்கே கரைத்து மறுபடி பேப்பர் ஆக்குவார்கள் என்று சொல்வார்கள். நான் அந்த மில்லைப் பார்த்ததே இல்லை. மேற்கே எங்கேயோ ஆற்றோரம் என்று மட்டும் தெரியும்.

மே மாதம் வந்தால் பள்ளிக்கூட நோட்டு மலைபோல் வந்துவிடும். முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்திருப்பார்கள். பிள்ளையார் சுழி போட்டிருக்கும். சிலதில் சிலுவை போட்டு, கீழே 'மாதாவே துணை' என்று எழுதியிருக்கும். உருது எழுத்து இருக்கிற தாளும் வரும். அதையெல்லாம் எப்படி மிதிப்பது?

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் கால் ஒரு புத்தகத்தில் பட்டுவிட்டது. டீச்சர் என்னை எழுந்து நிற்கவைத்து, புத்தகத்தைத் தொட்டு மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். வகுப்பே பார்த்தது. எனக்குக் காது மடல் சுட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்படி வளர்ந்தவளுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வாய்த்த வேலை, நாள் முழுக்கப் பேப்பர்மேல் நடப்பது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யார் தொடங்கியது என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. காலையில் ஏறுவதற்கு முன்னால் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டு ஏறுவாள். கால் படுவதைத் தவிர்க்க முடியாது; செருப்பு படுவதையாவது தவிர்க்கலாம் இல்லையா? எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

திரும்பி வந்த லோடு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் எங்கிருந்து வந்தது?

நான் சேர்ந்த புதிதில் யாரும் பின்னைப் பிடுங்கியதில்லை. தாளில் பின் இருந்தால் அப்படியே போய்விடும். தாளோடு ஒட்டிக்கொண்டு படுத்துக்கிடக்கிற பின் யார் காலையும் குத்தாது.

ஒரு ஐப்பசியில் மில்லுக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. பாய் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்களுக்கும் பயம். இன்னும் ஒரு லோடு இப்படி வந்தால் குடோனை மூடிவிடுவார் என்று பேசிக்கொண்டோம். லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

"பின்னு கிடக்குதாம் பாய். மிஷினு பல்லு போயிருமாம். எடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

"யா அல்லா! இத்தன வருஷமா கிடக்காத பின்னா இப்பக் கிடக்குது?"

"என்னைக் கேட்டா? அவங்க சொன்னதச் சொல்றேன்."

அன்றையிலிருந்து பின் எடுக்கிற வேலை சேர்ந்துகொண்டது. ஒரு தாளில் பின் இருக்கக்கூடாது. நோட்டு நடுவில் இருக்கிற பின், பரீட்சைத் தாள் மூலையில் இருக்கிற பின், அட்டைப்பெட்டிப் பின் எல்லாம். நகத்தால் நெம்பினோம். நகம் போனபோது பழைய ஸ்பூன் காம்பைத் தட்டையாக்கி வைத்துக்கொண்டோம். பிடுங்கின பின்னைப் போட ஆளுக்கொரு டப்பா. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து பிடுங்கும்போது எல்லாப் பின்னுமா டப்பாவில் விழும்? பாதி மேட்டுக்குள்ளேயே விழுந்து, வளைந்த முனை மேலே பார்த்தபடி நிற்கும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாயங்காலம் இழுப்போம். கருப்பு மயிர் முளைத்த மாதிரி காந்தம் நிறைய ஒட்டிக்கொண்டு வரும். அப்படியும் மிச்சம் இருக்கும்.

எங்களில் பின் எடுப்பதில் சுத்தம் என்றால் ஆரோக்கியம்தான். அவளுக்குக் கோபம்கூட வரும். "ஏன்டி பூங்கோத, இந்தக் கட்டுல ரெண்டு பின்னு விட்டுட்ட. லோடு திரும்புனா உன் அப்பனா வந்து சோறு போடுவான்?" என்பாள்.

"எங்கப்பன் செத்து புல்லு முளைச்சிருச்சு. நீ வேணாக் கூப்பிட்டுப் பாரு" என்பாள் பூங்கோதை.

ஆரோக்கியம் அப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்து, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். அடுப்பு எரிவது அவள் கூலியில்தான். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தினம் பஸ் பிடித்து வருவாள். பஸ் வராத நாளில் சிமெண்டு லாரியில் ஏறிக்கொண்டாவது வந்துவிடுவாள். தலை, புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாள்.

பாய் வாங்கி வந்த பூட்ஸ்

பின் குத்தின புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினாள். மாதா கோயில் எண்ணெய் தடவினாள். நான் வற்புறுத்தித்தான் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்ட டாக்டரம்மா சின்னப் பெண். கோபிக்காமல் பேசினாள். "இனிமே ஒரு நிமிஷம்கூட வெறுங்கால்ல நடக்கக்கூடாதும்மா. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். உங்களுக்குக் குத்தினாத் தெரியாது. தெரியாததுதான் ஆபத்து."

ஆரோக்கியம் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, அப்ப மேட்டுல எப்படி ஏறுவேன்?" என்றாள். விரல் போனதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பாய் நல்ல மனுஷர். விஷயம் கேள்விப்பட்டதும் திருச்சிக்குப் போய் ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். எல்லாருக்கும். முழங்கால் வரைக்கும் கருப்பாக இருந்தது. வாசலில் வரிசையாக வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் இனி ஏறணும். யாராச்சும் வெறுங்காலோட ஏறுனா வேலை கிடையாது. ஆமா."

நாங்கள் பூட்ஸைப் பார்த்தோம். யாரும் தொடவில்லை.

பூங்கோதைதான் கேட்டாள். "பாய், போன வாரம் நீங்க மேட்டுல ஏறி எடை போடறவனைக் கூப்ட்டீங்கல்ல. உங்க செருப்பு எங்க கிடந்துச்சு?"

பாய் வாசலைப் பார்த்தார்.

"வாசல்ல கிடந்துச்சு. நான்தான் மழையில நனையுதுன்னு உள்ள எடுத்து வச்சேன். நீங்க ஏன் கழட்டிட்டு ஏறுனீங்க?"

"அது... கிதாபு, எழுத்து எல்லாம் கிடக்கும். எந்தத் தாள்ல என்ன இருக்குன்னு தெரியுமா? எப்படி மிதிக்கிறது?"

"அதேதான் எங்களுக்கும்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது. கொஞ்ச நாளில் ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டது.

ஆரோக்கியம் மேட்டடியில் நின்றுகொண்டு, நாங்கள் தள்ளிவிடுவதில் பின் எடுத்தாள். செருப்போடுதான் நின்றாள். ஆனால் அடியில் நின்றால் எவ்வளவு கைக்கு எட்டும்? கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் பார்க்காதபோது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்தாள். நான் பார்த்துவிட்டேன். ஆனால் சத்தம் போட வாய் வரவில்லை. கையைப் பிடித்து இறக்கினேன்.

"விடுக்கா. பின்னு நிக்குது. இவளுவ சுத்தமா எடுக்க மாட்டாளுவ" என்றாள்.

ரோட்டை மிதிக்காத செருப்பு

எங்கள் குடோனை ஒட்டினாற்போல் பழைய இரும்புக் கடை. அதுவும் பாயுடைய சொந்தக்காரருடையதுதான். அங்கே சிமெண்டு ஆலையில் கல் ஏற்றிச்செல்கிற பட்டை, தேய்ந்துபோனது, சுருட்டிக் கிடக்கும். ரப்பரும் துணியும் அடுக்கி வார்த்தது. ஆணி அடித்தாலும் சீக்கிரம் இறங்காது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சோறு தின்றுகொண்டிருந்தாள். நான் மெதுவாக, "நமக்குச் செருப்பு மேலயா கோபம்? அது மிதிச்சிட்டு வர்ற அசிங்கத்து மேலதானே?" என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

அவள் வாயில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தாள்.

"அப்ப ரோட்டையே மிதிக்காத செருப்பா இருந்தா?"

"அதான் கேக்கறேன்."

"ரோட்ட மிதிக்காதது செருப்பாக்கா? அது காலுக்குப் போடற துணி மாதிரி" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இரும்புக் கடைக்காரர் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். ஒவ்வொருத்தியும் அட்டையில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து கொடுத்தோம். பழைய புடவையைக் கிழித்து வார் தைத்தேன். மஞ்சள் தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். ஆரோக்கியம் மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். அந்தச் செருப்பு குடோன் வாசலைத் தாண்டக் கூடாது என்று பேசி வைத்தோம். சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதல் நாள் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினோம். ஏதாவது ஆகிவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். ஒன்றும் ஆகவில்லை. பூங்கோதை மேலே நின்று குதித்துப் பார்த்தாள். பாய் வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா. திருச்சி வரைக்கும் போய் ஏமாந்து வந்தேனே, எனக்கும் ஒரு ஜோடி தைச்சுக் குடு அஞ்சலம்மா" என்றார்.

இது நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னாடியே அந்தப் பட்டை என் கண்ணில் பட்டிருக்கக்கூடாதா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தினமும் அதைத் தாண்டித்தானே சோறு தின்னப் போனேன்.

ஆணியில் ஒரு ஜோடி

ஆரோக்கியம் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும்தான் ஏறினாள். அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் ஏறினபோது பின் பட்டதா, விரல் எடுத்த இடத்திலேயே புண் திரும்ப வந்ததா, தெரியாது. கால் கறுத்துவிட்டது. திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். முதலில் பாதி பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே.

அவள் செருப்பு ஆணியிலேயே தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் தெரியாமல் கையை நீட்டினாள். பூங்கோதை, "அதுல ஆளு இருக்கு" என்றாள், பஸ்ஸில் சீட்டுக்குச் சொல்வதுபோல. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நானும் வேலையை விட்டுவிட்டேன். கண் மங்கிவிட்டது. பெரம்பலூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். வரும்போது பாய் கைகொள்ளாமல் ஒருபக்கத் தாள் கொடுத்தார். ஒரு பக்கம் அச்சடித்து, மறுபக்கம் வெள்ளையாக இருக்கும் தாள். இதை நான் எழுதுவதும் அந்தத் தாளில்தான். பத்திரிகை ஆபீஸில் திருப்பிப் பார்த்தால் யாரோ பிள்ளைகளின் கணக்குக் கேள்வித்தாள் இருக்கும்.

ஏலாக்குறிச்சி பஸ்

வருஷத்துக்கு ஒருமுறை மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக அவளைப் பார்க்கப் போவேன். பஸ்ஸில் சின்ன வெங்காய மூட்டையும் மாலையும் மெழுகுவர்த்தியும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்தாலே எனக்கு அவள் ஞாபகம்தான்.

கடைசியாகப் போனபோது அவள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் மருமகளும் நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மடியை மூடிக்கொண்டாள். கால் இல்லாதது தெரியாமலிருக்க.

"வாக்கா. இளைச்சுப் போயிட்டியே. மக சோறு போடறாளா இல்லையா?"

"போடறா. எனக்குத்தான் இறங்கல."

"எனக்கு நல்லா இறங்குது. உக்காந்தே திங்கறேன்ல." சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எப்போதும் கேட்பதையே கேட்டாள். "குடோன்லேருந்து சேதி உண்டா? லோடு எதாச்சும் திரும்பி வந்துச்சா?"

"வரலடி. அன்னைக்கு வந்ததோட சரி."

"பின்னு சுத்தமா எடுக்கறாளுவளா?"

"எடுக்கறாளுவ."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். மாதா கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அது போதுங்கா. ஒரு லோடு திரும்பல. அம்புட்டுப் பேரு சோறும் அதுலதானே இருந்துச்சு. என் ஒரு காலு போனாப் போவுது. சும்மா ஒண்ணும் போவலையே."

நான் தலையை ஆட்டினேன். அவள் கையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டேன்.

வளைகாப்பு வீட்டில் கேட்டது

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்ததே இதற்குப் பிறகு வருவதற்காகத்தான்.

சமீபத்தில் வாலிகண்டபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மகள் வீட்டுக்கு ஏதோ வழியில் உறவு. பேப்பர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எங்கள் லோடு போன மில்லா, வேறு மில்லா, தெரியாது. நான் பேப்பர் குடோனில் இருந்தவள் என்று என் மகள் சொல்லிவிட்டாள். மனுஷருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"உங்க மாதிரி ஆளுங்க பிரிச்சு அனுப்பலைன்னா எங்களுக்கு ஏதுங்கம்மா வேலை? புது மரத்தை வெட்டிக் கூழாக்கறதுக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரண்டு! பழசுன்னா அவ்வளவு வேணாம். கரைச்சாப் போதும். ஆனா ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் நாரு குட்டையாகிட்டே போகும். எழுதற தாளு அட்டை ஆகும், அட்டை கடைசியில முட்டை வைக்கிற தட்டு ஆகும். அதுக்கு மேல அதால முடியாது."

எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். வாய் வராதவள் நான், அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"நாங்க பின்னு எல்லாம் சுத்தமா எடுத்துட்டுத்தாங்க அனுப்புவோம்."

"பின்னா? ஸ்டேப்ளர் பின்னா? அதை எதுக்கும்மா எடுத்தீங்க?" அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை. "தொட்டியில தண்ணியோட அடிச்சுக் கரைக்கும்போது இரும்பெல்லாம் கனத்துக்கு அடியில தங்கிரும். மீதிக்குக் காந்தம் இருக்கு. பின்னு எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. ஈரம்தான் தலைவலி. நனைஞ்ச லோடு வந்தா வாசல்லயே திருப்பி விட்டுருவோம்."

பாயசம் ஆறிப்போயிற்று. குடிக்கவில்லை.

லோடு திரும்பி வந்த அந்த ஐப்பசி நாள் அப்போதுதான் என் கண்முன் வந்தது. லாரி குடோன் வாசலில் நின்றது. டிரைவர் பாயிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மேலே கட்டின தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. லாரிக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. வண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். மழைக்காலம்தானே என்று நினைத்தேன்.

தார்ப்பாயைச் சரியாகக் கட்டாதது தெரிந்துவிடும் என்று டிரைவர் பின்மேல் பழியைப் போட்டாரா? இல்லை, மில் வாசலில் யாராவது நிஜமாகவே பின் என்று சொன்னார்களா? அந்தக் காலத்து மிஷின் வேறாக இருந்ததா? டிரைவர் இப்போது இல்லை. பாயும் காலமாகிவிட்டார். அவர் மகன் புது மிஷின் வைத்திருக்கிறார் என்று கேள்வி. கேட்க ஆள் இல்லை.

நான் இங்கே ஆரோக்கியம் என்று எழுதியது அவள் பேர் இல்லை. ஏலாக்குறிச்சிப் பக்கம் என்பதோடு ஊரையும் நிறுத்திக்கொண்டேன். அவள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை, அவளுக்குப் படிக்கவும் தெரியாது. ஆனாலும் பேப்பர் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். மெழுகுவர்த்தி சுற்றிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பக்கோடா மடித்துக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். மருமகள் பிரித்துச் சத்தமாகப் படித்துவிட்டால்?

எனக்கு ஞாபகம் சரியில்லை. லாரியிலிருந்து தண்ணீர் சொட்டியதுகூட அந்த நாள்தானா, வேறு நாளா என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பேப்பர் மில்லில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் பின்னுக்காக ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது உண்டா என்று விசாரித்து, பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு வரி எழுதுங்கள். உண்டு என்றால் அடுத்த பஸ்ஸிலேயே போய் அவளிடம் சொல்லிவிடுவேன். இல்லை என்றாலும் எழுதுங்கள். போகும்போது வழக்கம்போல், லோடு எதுவும் திரும்பி வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன்.